கவிழாத படகு

என் கணவருக்குப் பத்திரிகை ஆபீஸில் ‘தேதி’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வீட்டு வாசலில் வந்து கூப்பிடுகிறவர்கள்கூட “தேதி சார் இருக்காரா?” என்றுதான் கேட்பார்கள். காலைப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், வானிலைக்கும் குறுக்கெழுத்துப் புதிருக்கும் நடுவில், ‘இதே நாளில்’ என்று ஒரு பத்தி வருகிறது. அதை எழுதுவது அவர். ஒரு வருஷம் ஒரு ராஜாவின் தலையை வெட்டியிருப்பார்கள், இன்னொரு வருஷம் எங்கேயோ எரிமலை வெடித்திருக்கும், வேறொரு வருஷம் யாரோ எதையோ கண்டுபிடித்திருப்பார். எல்லாம் ஒரே தேதி. அதைத் தவிர ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டால் சம்பந்தி ஆகிவிடுவார்களா என்று கேட்பேன். “ஜனங்களுக்குப் பிடிக்குது, உனக்கென்ன?” என்பார்.

எங்கள் கல்யாண நாளை அவர் மறந்ததே இல்லை. “இன்னைக்குத்தான் அந்த ராஜா தலையை வெட்டினாங்க” என்று காப்பி குடிக்கும்போதே ஞாபகப்படுத்திவிடுவார். யார் தலையை என்று நான் கேட்பதில்லை.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஓரத்தில் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி. ஆண்கள் சட்டை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை, எது வந்தாலும் தைப்பேன். துணி என்பது வெட்டும்வரைதான் நம் கையில். கத்தரி ஓடிவிட்டால் அழுதாலும் ஒட்டாது. அதனாலோ என்னவோ, அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் நிற்காது. இந்தக் கதையிலும் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மாலைப் பத்திரிகையும் உண்டு. இவர் காலையில் எழுதுவதை அவர்கள் சாயங்காலம் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் இவர் அசதியில் ஒரு பிரதமரின் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுவிட்டார். மாலைப் பத்திரிகையிலும் அதே தப்பு வந்தது. இவருடைய ஆசிரியருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு வழிதான் உண்டு என்று இவரைக் கூப்பிட்டுச் சொன்னார். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அவர்கள் அதையும் எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஆபீஸில் இதற்குக் கண்ணி வைப்பது என்று பெயராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“ஒரு பொய் எழுதச் சொல்றார்.”

“பத்திரிகையில அது புதுசா?”

“என் பத்தியில புதுசு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இருபது வருஷமாக ஒவ்வொரு வரியையும் இரண்டு புத்தகத்தில் சரிபார்த்து எழுதுகிற மனுஷன். கட்டிலுக்கு அடியில் தேதிவாரியான குறிப்புச் சீட்டுகளைச் செருப்புக்கடை அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறார், மாதத்துக்கு ஒன்று. பெருக்கும்போது விளக்குமாறு பட்டால்கூட என்னோடு சண்டைக்கு வருவார்.

பொய் எழுதுவதிலும் அவர் அதே ஒழுங்கைக் காட்டினார். பொய்யைச் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? பிரபலமான ஆளை வைத்து எழுதினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். தூர தேசமென்றால் அந்த நாட்டுக்காரன் கேள்வி கேட்பான். ரொம்பப் பழசாக இருந்தால் பேராசிரியர்கள் வருவார்கள், புதுசாக இருந்தால் பார்த்தவர்கள் வருவார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டார். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்தது, கடற்கரை உப்பளத்துக்கு வேலை தேடிப்போன வெளியூர்க் கூலியாட்கள் எல்லாரும் இறந்தார்கள், உடல்கள் கிடைக்கவில்லை, பெயர்களும் தெரியவில்லை. நிஜமாகச் செத்தவர்கள் யாரையும் அவமதித்துவிடக் கூடாதென்று, அந்தத் தேதியில் எந்த ஆற்றிலாவது உண்மையிலேயே படகு கவிழ்ந்ததா என்று பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுதினார். செத்தவர்களைத் தேடிய புத்திசாலிக்கு, காணாமல் போனவர்களுக்கும் வீடு வாசல் இருக்கும் என்று தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மாலைப் பத்திரிகை படகை அப்படியே முழுங்கியது. கூடுதலாக ‘பரிதாபம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து முழுங்கியது. இவருடைய ஆசிரியர் ஆபீஸ் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். வக்கீல் கடிதம் போனது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர்கள் சத்தம் போடாமல் மன்னிப்புக் கேட்டு, அன்றோடு அந்தப் பத்தியை நிறுத்தினார்கள். இவர், “அப்போ நாளைக்கு ஒரு மறுப்புப் போட்டுடலாமா?” என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாமே தெரிஞ்சு பொய் எழுதினோம்னு ஊருக்குத் தண்டோரா போடணுமா? யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவன் வந்து கேட்கப்போறானா?” என்றாராம்.

செத்தவன் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பஸ் டிரைவர் வந்தான்.

காக்கிச் சட்டையோடு ஆபீஸ் படியேறி, மடித்த மாலைப் பத்திரிகையை இவர் மேசையில் வைத்திருக்கிறான். டிப்போவில் டீ குடிக்கும்போது படித்தானாம். மாலைப் பத்திரிகையில் போய்க் கேட்டதற்கு, காலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் போட்டோம் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அப்பா, கடல் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதே வருஷம், அதே தேதி காலையில் வீட்டை விட்டுப் போனவர். திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு இவனுக்கு முதல் பிறந்த நாள்.

“ரெண்டு பேப்பர்லயும் வந்திருக்கு சார். பொய்யா இருக்குமா?” என்று கேட்டிருக்கிறான்.

இவர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மேற்கொண்டு விவரம் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி, வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதை என்னிடம் வந்து சொன்னபோது மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன்.

“என்ன விவரம் பார்ப்பீங்க? இல்லாத படகுக்கு டிக்கெட்டா தேடுவீங்க?”

அவர் நிஜமாகவே தேடினார். லீவு நாளெல்லாம் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அந்தத் தேதியில் இல்லாவிட்டால் முன்னே பின்னே, அந்த ஆற்றில் இல்லாவிட்டால் வேறு ஆற்றில், எங்கேயாவது ஒரு படகு கவிழ்ந்திருக்காதா என்று தேடினார். பொய்யை எழுதிவிட்டு அதற்கு ஒரு நிஜத்தைத் தேடி அலைந்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். படகு கிடைக்கவில்லை. சாப்பாடு குறைந்தது, சட்டைக் காலரில் கழுத்து ஆட ஆரம்பித்தது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவமாக இருப்பதற்காகவும் கோபம் வந்தது.

மாதங்கள் போயின. டிரைவர் வரவில்லை, எல்லாம் அப்படியே அமுங்கிவிட்டது என்று நினைத்தோம். அந்தத் தேதி திரும்பி வர ஒரு மாதம் இருக்கும்போது, ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில், ஒரு வயதான அம்மா கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு துணிப்பையும்.

“தேதி சார் வீடுதானே? நான் டிரைவரோட அம்மா.”

உள்ளே வரச் சொல்லி நாற்காலியைப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பழத்தை வெட்டு மேசையில் வைத்துவிட்டு, “சார்கிட்ட கொடுத்துடும்மா. அவர் எழுதினதாலதான் நான் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கிறேன்” என்றார்.

பிறகு உட்கார்ந்து சொன்னார். புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போய்விட்டான் என்று ஊரே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொந்த அக்காகூட, “உன்கிட்ட என்ன குறையோ” என்று கேட்டாளாம். மருத்துவமனை சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத்தான் பையனை வளர்த்தார். அங்கேயும், ‘ஓடிப்போனவன் பெண்டாட்டி’ என்றுதான் பேர். பையன் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் அடித்துவிடுவான். வளர்ந்த பிறகு அடிப்பதை நிறுத்தினான். அப்பா என்ற சொல்லையும் நிறுத்திவிட்டான்.

“செத்துட்டார்னு தெரிஞ்சதும் நான் அழுதேன். அழுகை நின்னதும் மனசு லேசாயிடுச்சு. இப்படிச் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். நாப்பது வருஷமா அவர் யார்கூட இருக்காரோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அவர் தண்ணிக்குள்ளதான் இருந்திருக்கார்.”

நான் நூல்கண்டை எடுத்தேன், வைத்தேன். வேறென்ன செய்வது?

அவர் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். சின்னக் கட்டம் போட்ட நீலச் சட்டை, அரைக் கை, அந்தக் காலத்து நீளக் காலர். புருஷன் போட்டுக்கொண்டு போனது போக வீட்டில் இருந்த இன்னொரு சட்டை. திரும்பி வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று வைத்திருந்தாராம். வருஷத்துக்கு இரண்டு தடவை துவைத்து, காயவைத்து, மடித்து வைத்திருக்கிறார். யாருமே போடாத சட்டை, துவைத்துத் துவைத்தே மெலிந்துபோயிருந்தது.

“இதை என் பையன் அளவுக்குப் பெரிசாக்கித் தரணும். அவன் பொறந்த நாளுக்கு. அன்னைக்குத்தான் அப்பாவோட நினைவு நாளும். இது இருந்த பெட்டியைத் தொடக்கூட மாட்டான், இந்த வருஷம் அவனே கேட்டான்மா, அந்தச் சட்டை இருக்கான்னு.”

மறுநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து டிரைவர் அளவு கொடுக்க வந்தான். நல்ல அகலமான தோள். கண்ணாடி முன்னால் பள்ளிப் பையன் மாதிரி விறைப்பாக நின்றான். சட்டை மடித்தபடி மேசையில் கிடந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

“என் பொறந்த நாளை ஒரு வருஷம்கூடக் கொண்டாடினது இல்லக்கா. அன்னைக்கு அம்மா அழும், நான் வெளியில போயிடுவேன். இந்த வருஷம் டிப்போ ஆளுங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன்.”

“சந்தோஷம் தம்பி. கையைத் தூக்குங்க.”

“அவர் எனக்காகத்தானே போனார்? வேலை கிடைச்சா எனக்கு ஏதாவது வாங்கிட்டு வரணும்னு நினைச்சிருப்பார், இல்ல?”

டேப்பை அவன் மார்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அளவு கண்ணில் தெரியவில்லை. இரண்டாம் தடவை எடுத்தேன்.

அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். போய்ச் சொல்லுங்கள் என்றேன். ஆசிரியரைக் கேட்டேன், கூடாது என்கிறார் என்றார். ஆசிரியரா அந்தம்மாவுக்குப் பதில் சொல்வார் என்றேன். “சொன்னா அந்தம்மா திரும்ப ‘ஓடிப்போனவன் பெண்டாட்டி’ ஆயிடுவாங்களே, அது உனக்குச் சம்மதமா?” என்றார். பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்கள், இப்போது என் மடியிலும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் எழுந்துபோய்க் கட்டில் அடியில் இருந்த பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

சட்டையை மேசையில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிரித்து, வேறு துணி வைத்துச் சேர்க்க வேண்டும். முதுகிலும் ஒரு வெட்டு விழும். கத்தரியை எடுத்தேன். செத்துப்போனவரின் சட்டை என்றால் வெட்டிவிடலாம். டிரைவரின் அப்பா செத்தது என் வீட்டுக்காரரின் பேனாவில். திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள ஒருத்தி நாற்பது வருஷம் காத்த சட்டையை, அவர் திரும்பி வரமாட்டார் என்று எந்த ஆதாரத்தில் நான் வெட்டுவது? சாக்பீஸ் கோட்டைத் தட்டிவிட்டு மடித்து வைத்தேன். அடுத்த நாள் விரித்தேன், மடித்தேன். பள்ளிச் சீருடைகள் குவிந்துகொண்டிருந்தன. அத்தனையையும் தைத்தேன். இது ஒன்றுதான் ஓடவில்லை.

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தம்மா பார்க்க வந்தார். இவர் ஆபீஸில் இருந்தார். நல்ல வெயில். தெருவில் தண்ணீர் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மேசையில் சட்டை வெட்டாமல் கிடந்ததைப் பார்த்து, “வேலை ஜாஸ்தியா?” என்று கேட்டார். குறை சொல்லும் குரல்கூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாலைப் பத்திரிகை, ஆசிரியர், கண்ணி, இவர் எப்படி வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார், உங்கள் பையன் வந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாம். பொய்யைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம், உண்மையை அப்படிச் சொல்ல எனக்கு வராது. சொல்லும்போது அழுதேன். அந்தம்மா அழவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“அப்போ படகே இல்ல” என்றார்.

“இல்லம்மா.”

“யாரும் தண்ணியில விழல.”

“இல்ல.”

அவர் தன் கைகளைப் பார்த்தார். சோப்பிலும் சுடுதண்ணீரிலும் வெளுத்துப்போன கைகள். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் வந்தது கோபம் இல்லை.

“அப்போ அவர் இருக்கார்” என்றார்.

“அம்மா, அது எங்களுக்குத் தெரியாது. நான் அப்படிச் சொல்லல.”

“எழுபது வயசு ஆகியிருக்கும். எழுபது ஒரு வயசா? எங்க தெருவுல எண்பதுல நடமாடுறாங்க.” எழுந்து சட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “நல்லவேளை, நீ கத்தரி வைக்கல.”

அவமானத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றுதான் நானும் இவரும் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தோம். ஊர் என்ன சொல்லும் என்பது அந்தம்மாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் திருப்பிக் கொடுத்தது வேறு. ஒரு வருஷம் ஆறி உட்கார்ந்திருந்த மனுஷியைத் திரும்பவும் வாசல் பார்க்க வைத்துவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. சொன்னது சரி என்றும் தோன்றியது. இன்றுவரை இரண்டும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

“பையன்கிட்ட நானே சொல்லட்டுமா? இல்ல, இவரைச் சொல்லச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல அழுத்தமான பிடி.

“அவன்கிட்ட யாரும் சொல்லக்கூடாது. அவன் செத்துப்போன அப்பாவைத்தான் மன்னிச்சிருக்கான். உசிரோட இருக்கிற அப்பாவை மன்னிக்கமாட்டான்.”

“பிறந்த நாளுக்குச் சட்டை?”

“இதே மாதிரி துணி கிடைக்குமா, பாரு. அவனுக்கு ஒண்ணு தைச்சுக் கொடு. இது அவருக்கு இருக்கட்டும்.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷமாக என் புருஷனைக் கரித்துக்கொட்டியவள் நான். ஆனால் அந்தம்மா என் கையை விடவில்லை. நான் சரி என்றேன்.

கடைத்தெருவில் நாலு துணிக்கடை ஏறி இறங்கினேன். அதே கட்டத்தில் ஒன்று கிடைத்தது, நிறம்தான் கொஞ்சம் அழுத்தம். முதலில் ஒல்லியான ஆளுக்கு ஒரு சட்டை தைத்தேன். அதை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போட்டேன். திரும்ப ஊறவைத்தேன். நிறம் இறங்கும்வரை விடவில்லை. பிறகு பக்கவாட்டில் பிரித்து, வேறு துணி வைத்து, டிரைவரின் அளவுக்குச் சேர்த்தேன். பழையதைப் பெரிசாக்கிய மாதிரியே இருக்க வேண்டுமே. காலர் மட்டும் புதுசாக விறைத்துக்கொண்டு நின்றது. கால் தேய்க்கிற கல்லை எடுத்துவந்து, மடிப்பின்மேல் மெதுவாகத் தேய்த்து நூலை வெளியே வரவைத்தேன். பொத்தான்களுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பழைய சட்டையின் பொத்தான்களைக் கழற்றி இதில் வைத்துத் தைத்தேன். பழையதற்குப் புதுசு வைத்தேன். அந்தம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். “அவனுக்கும் அப்பாவோடது ஏதாவது ஒண்ணு நிஜமா இருக்கட்டும்மா” என்றேன். சரி என்றார்.

இவர் இதையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு ஆளாக இருந்தால் குத்திக்காட்டியிருப்பார், நானாக இருந்தால் நிச்சயம் குத்திக்காட்டியிருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இந்த வருஷம் அந்தப் படகைப் போடணுமா, வேண்டாமா?”

அதுதான் பாக்கி இருந்தது. தேதி திரும்பி வருகிறது, பத்தியும் வரும். டிரைவர் டிப்போ ஆட்களுக்குக் காட்டுவதற்காகப் பத்திரிகை வாங்குவான். போட்டால் இரண்டாம் தடவை பொய். அதுவும் யாரையும் பிடிப்பதற்கு இல்லை, மாலைப் பத்திரிகை எப்போதோ ஒதுங்கிவிட்டது.

“போடுங்க” என்றேன்.

“நீ என்னைத் திட்டினதெல்லாம்?”

“திட்டினது திட்டினதுதான். போடுங்க.”

அவர் எழுதினார். அன்றைய பத்தியில் ஒரு ரயில் பாதை திறப்பும், ஒரு விஞ்ஞானியின் பிறப்பும், ஒரு உடன்படிக்கையும் இருந்தன. அவற்றை வழக்கம்போல இரண்டு புத்தகத்தில் சரிபார்த்தார். படகைச் சரிபார்க்க எதுவும் இல்லாததால் பேனாவை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் அவரை மன்னித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறந்த நாள் அன்று காலை எட்டு மணிக்கே டிரைவர் வந்துவிட்டான். கையில் இனிப்பு டப்பா, கக்கத்தில் பத்திரிகை. சட்டை அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல் டப்பாவையே பார்த்து, “நல்லா இருங்க” என்றார். அந்தம்மா உள்ளே வரவில்லை. படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடியூன்றி ஒரு கிழவர் போனார். அந்தம்மாவின் தலை அவரோடு கூடவே திரும்பி, அவர் மூலை திரும்பும்வரை போய்விட்டு வந்தது. பால் வாங்கிக்கொண்டு இன்னொருவர் வந்தார். அவரையும் பார்த்தார்.

டிரைவர் கண்ணாடி முன்னால் போய் நின்றான். காலரைத் தூக்கி, தேய்ந்திருந்த மடிப்பில் விரலை வைத்து மெதுவாகத் தடவினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினான்.

“இங்க பாருங்கக்கா” என்றான். “இது எங்கப்பா கழுத்து பட்டுத் தேய்ஞ்சது.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். “ஆமா தம்பி” என்றேன்.

பொத்தான்களை அவன் பார்க்கவே இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், டிப்போ ஆட்கள் காத்திருப்பார்கள் என்று.